பாதியில் நிறுத்திய படம்

டிவி மாட்ட வந்தவர் அவள் மனத்திலும் ஆணி அடித்துவிட்டுப் போய்விட்டார் என்று அண்ணி கேலி செய்வாள். கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் ஊரார் கண்ணைச் சோதித்துவிட்டு வருகிறவளுக்கு, முப்பத்தாறு வயதில் அந்தக் கேலி பிடித்திருந்தது.

அவள் சொல்லாமலே புரிந்துகொள்கிறவர் அவர். நீச்சல் கற்கும் ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "பெரியவங்களுக்குன்னு தனி வகுப்பு இருக்காம், சேர்றியா?" என்று அவராகவே கேட்டார்.

"உன் மனசுக்குள்ள ஆள் கீள் போட்டு வெச்சிருக்காரா?" என்றாள் அண்ணி.

ஆனால் அவள் கல்யாணத்துக்குச் சம்மதித்தது நீச்சலுக்காக அல்ல. மார்பில் ஒரு சிறு கட்டி தட்டுப்பட்ட வாரம் அது. அண்ணியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது டிவியில் டாக்டர்கள் பேசும் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கடை வாசலில் அவர் நின்றார்.

"எங்க போகணும்னாலும் கூட வர்றேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"அதான் உன் முகத்துலயே எழுதியிருக்கே."

ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தார். கட்டியால் பயமில்லை என்றார்கள். தன் முகத்தைப் படிக்க ஒருவர் இருக்கிறார் என்ற நிறைவில்தான் அவள் தலையாட்டினாள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் வீட்டுக்குப் போனாள். அவர் உள்ளே காபி போட, அவருடைய அம்மா டிவியைப் போட்டார். திரையில் 'தொடர்ந்து பாருங்கள்' என்ற வரிசை. முதலாவதாக, நேற்று தூக்கம் வந்து அவள் பாதியில் நிறுத்திய படம். அவள் விட்ட அதே இடத்தில் சிவப்புக் கோடு நின்றது. பக்கத்தில் நீச்சல் பாடம்.

"இதெல்லாம் யார் பாக்கறான்னே தெரியல, கண்ணு. நடுவுல கட்டி, புத்துநோய்னு டாக்டருங்க வேற வந்தாங்க. பயந்தே போயிட்டேன். இவன்தான் கண்டுக்காதம்மான்னான்."

டிவி மாட்டிய நாள் நினைவுக்கு வந்தது. அவள் பாஸ்வேர்டை மறந்து விழித்தபோது, "ஓடுதான்னு பாக்க இப்போதைக்கு என் அக்கவுண்ட்டைப் போடறேன்" என்றார். அதை எடுக்கவே இல்லை. அவள் அங்கே பார்த்ததெல்லாம் இங்கே வந்து விழுந்துகொண்டிருந்தது.

காபியோடு வந்தவர் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"முகத்துல எழுதியிருக்குன்னீங்களே" என்றாள்.

"மொதல்ல மறந்துதான் போச்சு. அப்புறம் எடுக்க மனசு வரல. கெட்டதா எதுவும் பண்ணலையே?"

"என்னையே கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன். சொல்லாம வெச்சுக்கறதும் என்னோடதுதானே?"

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காபி ஆறிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் டிவியிலிருந்து அவர் கணக்கை எடுத்தாள். சற்று நேரத்தில் போன் வந்தது.

"என்ன பண்ணிட்டிருக்கே?"

இத்தனை நாளில் முதல்முறையாக அதைக் கேட்கிறார்.

"இந்தக் கல்யாணம் வேண்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி பதறி நிமிர்ந்தாள். "என்னடி ஆச்சு?"

"அண்ணி, எனக்கு மார்புல ஒரு கட்டி இருந்துச்சு. இப்ப ஒண்ணுமில்ல. பயப்படாதீங்க."

அண்ணியின் கை நின்றது. "அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது" என்ற அண்ணி, மடித்து வைத்த துணியையே மறுபடி பிரித்து மடிக்கத் தொடங்கினாள்.