ரத்தம் இல்லாத காட்சி

அவரைப் பேய் டைரக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எடுத்ததெல்லாம் பேய்ப் படங்கள்; சமைக்கிற பேய், கல்யாணத்துக்கு அலைகிற பேய். ஜனங்களுக்குப் பேய் சலித்துப்போனதும் தயாரிப்பாளர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஸ்கூல் பசங்க அடிச்சுக்கறதுதான் இப்ப ஊரெல்லாம் பேச்சு. சமுதாயத்துக்கு நல்ல கருத்து ஒண்ணு சொல்லுவோம். சண்டை மட்டும் குறையக்கூடாது."

சண்டைக்கு ஆட்கள் இருந்தார்கள், கருத்துக்குத்தான் இல்லை. டைரக்டர் பத்தாவது படிக்கும் தன் மகளிடம் போய் நின்றார்.

"உங்க ஸ்கூல்ல அடிதடி உண்டாம்மா?"

"அடியெல்லாம் இல்லப்பா. ஒருத்திகிட்ட பேசக்கூடாதுன்னு முடிவு பண்ணிடுவாங்க. அவ வந்தா எழுந்து போயிடுவாங்க."

டைரக்டர் யோசித்துப் பார்த்தார். "அதுல கேமராவுக்கு ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். மகள் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விடுமுறையில் மகளின் பள்ளியிலேயே படப்பிடிப்பு தொடங்கியது. மாணவர்களாக நடித்தவர்கள் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை முகம் மழித்துக்கொண்டார்கள். கதாநாயகனின் சொந்த மகனே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். எங்கே அடித்தால் மண்டை அழகாக உடையும் என்று ஸ்டன்ட் மாஸ்டர் பாடம் நடத்தினார். தலைமையாசிரியை போட்ட நிபந்தனை ஒன்றுதான்: சுவரில் ரத்தம் பட்டால் படக்கம்பெனியே வெள்ளையடித்துத் தர வேண்டும்.

கூட்டத்தில் நிற்க மகளின் வகுப்புப் பெண்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் அவர்கள் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மகளும் டப்பாவோடு போனாள். வட்டம் எழுந்தது. சத்தமில்லை, முறைப்பில்லை. உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வேறு மரத்தடிக்குப் போய்விட்டது. மகள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

டைரக்டர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஓடிப்போய் பக்கத்தில் உட்காரப் பார்த்தார்.

"போயிடுங்கப்பா. நீங்க உட்கார்ந்தா இன்னும் மோசம்."

அவருக்குத் தெரிந்த வைத்தியம் சினிமா ஒன்றுதான். சாயங்காலமே புதுக் காட்சி எழுதினார்: தனியாகச் சாப்பிடும் பெண்ணைத் தோழிகள் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள். எழுதி முடித்து, பெண்களிடம் போய், "யாருக்கு வசனம்னு என் பொண்ணுதான் சொல்லுவா" என்று அறிவித்தார். விளக்கு அணைப்பதற்குள் மகளைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோலக் கூட்டம்.

எடிட்டிங் அறையில் தயாரிப்பாளர் கொட்டாவி விட்டார். "இந்த மரத்தடி சீன் இழுக்குது. தூக்கிடு."

அதைத் தூக்கினால் அந்தப் பெண்களும் பழையபடி எழுந்து போய்விடுவார்கள் என்று டைரக்டருக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது? தயாரிப்பாளரின் சட்டையைப் பிடித்துவிட்டார். எடிட்டர் நடுவில் புகுந்து விலக்க வேண்டியதாயிற்று.

"அன்பா இருக்கற சீனுக்கு ஆளையே கொல்லப் பாக்கறியேய்யா" என்றார் தயாரிப்பாளர், அறுந்த பொத்தானைத் தரையில் தேடிக்கொண்டே. காட்சி தப்பித்தது.

படம் வெளியானது. மகள் தோழிகள் சூழ முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். மரத்தடிக் காட்சியில் தோழிகள் விசிலடித்தார்கள். பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். டைரக்டருக்கு நெஞ்சு நிறைந்தது. இடைவேளையில் பார்த்தால், கடைசி வரிசை ஓரத்தில் அதே வகுப்புப் பெண் ஒருத்தி தனியாக இருந்தாள்.

"அவளையும் கூப்பிடேம்மா" என்றார் மகளிடம்.

மகள் குரலைத் தாழ்த்தினாள். "அவளச் சேத்துக்கிட்டா இவங்கல்லாம் போயிடுவாங்கப்பா. நீங்க இதுல தலையிடாதீங்க."

டைரக்டர் அந்தப் பெண்ணிடமே போனார். "ஷூட்டிங்ல உன்னைப் பார்க்கலையேம்மா?"

"காய்ச்சல் சார். வரல." கொஞ்சம் தயங்கி, "முன்னாடி உங்க பொண்ணுகிட்ட நான் மட்டுந்தான் பேசுவேன்" என்றாள். குரலில் கோபமில்லை.

விளக்குகள் மங்கின. டைரக்டர் தன் இடத்துக்குத் திரும்பாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையிலிருந்து மகள் திரும்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்துத் தோழியின் காதில் என்னவோ சொன்னாள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.