குடிக்காதவனின் தள்ளாட்டம்

எங்கள் குடும்பத்தில் யாரும் குடித்ததில்லை. அதனால்தான் சம்பந்தி வீட்டுப் படியில் என் தம்பி தள்ளாடி விழுந்தபோது அவமானத்தில் எனக்குக் காது அடைத்துப்போனது. அவன் மகளை அந்த வீட்டுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சம்பந்தி கைகொடுத்துத் தூக்கினார். தூக்கும்போதே அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்தார்.

தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். நாளெல்லாம் குத்துக்காலிட்டு உட்காருகிற வேலை என்பதால், கால் மரத்துப்போவதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தத்தைச் சோதித்து, அவன் குடிக்கவில்லை என்று எழுதி வாங்கத்தான் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். ரத்தத்தில் சாராயம் இல்லை என்றதும் அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரையும் எடுத்தார்கள்.

உட்கார முடியாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்த என்னை டாக்டரம்மா தம்பி படுத்திருந்த அறைக்குள் கூப்பிட்டார்.

"தண்டுவடத்துல அழற்சி இருக்குங்க. உடம்பைக் காவல் காக்கிற செல்லுங்க ரசாயனத்தை விட்டுத்தான் ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கும். எதிரி வந்துட்டான், ஓடி வாங்கன்னு. இவருக்கு எதிரியே வரலை. ஆனா சேதி மட்டும் நிக்க மாட்டேங்குது. ஓடி வந்ததெல்லாம் சேர்ந்து நரம்பு மேல இருக்கிற உறையை அரிக்குது."

"நம்ம சொந்தக்காரங்க மாதிரி," என்றான் தம்பி படுத்தபடியே.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"குணமாகுமா?"

"அந்தச் சேதியை அடக்க மருந்து ஏத்துறோம். நடந்துடுவார்னு நம்பறேன். திரும்ப வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

அவர் போனதும் தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அண்ணே, நான் குடிச்சேன்னே சம்பந்திகிட்ட சொல்லிடு."

"என்னடா உளர்றே?"

"குடின்னா விட்டுட்டான்னு சொல்லிக்கலாம். நரம்புக் கோளாறுன்னா பொண்ணுக்கும் வருமோன்னு பயந்து கல்யாணத்தை நிறுத்திடுவாங்க."

ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். கைபேசி அடித்தது. சம்பந்திதான்.

"என்ன, தம்பிக்குத் தெளிஞ்சுதா?"

அந்தக் குரலில் இருந்த இளக்காரம் என்னைச் சுட்டது.

"தெளியறதுக்கு அவன் எதையும் குடிக்கலை. தண்டுவடத்துல அழற்சி. ஆஸ்பத்திரியில படுத்திருக்கான்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். மறுமுனையில் சம்பந்தி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பரம்பரையா வர்றதா?"

"டாக்டர் அப்படிச் சொல்லலை."

"சரி, யோசிச்சுச் சொல்றோம்." வைத்துவிட்டார்.

"உன் மானத்தைக் காப்பாத்திட்டே," என்றான் தம்பி. "என் பொண்ணு கல்யாணம் போச்சு."

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தான். கால் ஒத்துழைக்கவில்லை. நான்தான் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

இத்தனை வயதுக்கு யார் வீட்டுக்கும் போய் நான் கெஞ்சியதில்லை. டாக்டரம்மா மாலையில் எத்தனை மணிவரை இருப்பார் என்று நர்ஸிடம் கேட்டேன். சம்பந்தியைக் கையைப் பிடித்தாவது டாக்டரம்மா முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்துவிட வேண்டும். பரம்பரையா இல்லையா என்று நேரிலேயே கேட்டுக்கொள்ளட்டும். ஆட்டோவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நடந்தே கிளம்பினேன்.