முப்பதாம் நாள்

"ஒன்பது நாள். அதுக்கு மேல தாங்காது" என்று திரையில் எழுதினான் ஆரோ. எதிரே 'வாத்து' என்ற பெயரில் உட்கார்ந்திருப்பது தன் தாய் என்று அவனுக்குத் தெரியாது.

அந்த விளையாட்டுக் குழுவின் வழக்கம் அது. புதிதாக வந்தவர் எத்தனை நாளில் ஓடிப்போவார் என்று அவர் கண்முன்னாலேயே பந்தயம் கட்டுவார்கள். தோற்றவர் முப்பது நாள் ஆட்டத்தில் வரும் கோட்டையின் குதிரை லாயத்தைக் கூட்ட வேண்டும். தாக்குப்பிடித்தவர் முப்பதாம் நாள் மைக்கைத் திறந்து சொந்தக் குரலில் பேச வேண்டும். அதுவரை எழுத்து மட்டும்தான்.

தாய் சிர்க்கு அவனை விட்டுப் போனபோது அவனுக்கு ஆறு வயது. இப்போது இருபத்தேழு. அவள் எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமல் அவன் இருந்த துர்க்குவிலிருந்து அவள் இருந்த ஔலுவுக்குத் திரும்பி வந்தன. அவன் எங்கே விளையாடுகிறான் என்பது அவன் அத்தை வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது.

கண் மருத்துவமனையில் வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவாள். குளிருக்குப் போட்ட மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆட்டத்துக்குள் நுழைவாள். செத்துச் செத்துப் பிழைத்தாள்.

"வாத்து, மறுபடி கிணத்துல விழுந்துட்டியா?" என்று வெய்க்கா எழுதுவான்.

"சும்மா இருடா, கத்துக்கிட்டு வருது" என்று ஆரோ பரிந்து எழுதுவான். அந்த ஒரு வரி அவளுக்கு மறுநாள் மாலைவரை போதுமானதாக இருந்தது. ஒன்பதாம் நாள் கடந்தது. இருபதும் கடந்தது. இத்தனை நாள் எதிலும் அவள் நிலைத்ததில்லை.

முப்பதாம் நாள் ஞாயிறு மதியம், மைக்கைத் திறந்தாள்.

"ஆரோ... நான்தாம்ப்பா."

ஆரோவின் குரல் வந்தது. தடித்த, ஆண்பிள்ளைக் குரல்.

"தெரியும்மா. பன்னெண்டாம் நாளே தெரியும். ஆட்டத்துல குடுத்த பரிசுப் பெட்டியெல்லாம் பிரிக்காம அடுக்கி வெச்சிருந்தியே. கிறிஸ்துமஸ்ஸுக்கும் நீ அப்படித்தான் வெப்ப."

"அய்யோ, ஆரோ தோத்தான்!" என்று வெய்க்கா கத்தினான். "எடுறா துடைப்பத்தை!"

"கூட்டறேன்டா. சந்தோஷமா கூட்டறேன்." ஆரோ சிரித்தான். பிறகு தணிந்த குரலில் கேட்டான்: "நாளைக்கும் வருவியாம்மா?"

"வருவேன்" என்றாள்.

சொல்லும்போதே அவளுக்குள் இழுத்துக் கட்டியிருந்த ஏதோ ஒன்று தொய்ந்தது. முப்பது நாளாக அவளைத் தாக்குப்பிடிக்க வைத்தது எது என்று அப்போது புரிந்தது. அவள் நிலைப்பாள் என்று அவன் நம்பாததுதான். இப்போது அந்தக் குரலில் சந்தேகமே இல்லை. கணவனின் குரலும் ஒருநாள் இப்படித்தான் மாறியது. அதன்பின் அந்த வீட்டில் அவளுக்கு மூச்சு முட்டியது. அழ வேண்டும் என்று முயன்று பார்த்தாள். பசிதான் எடுத்தது.

திங்கட்கிழமை தலைவலி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். செவ்வாயன்று அதைச் சொல்லிக்கொள்ளவும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை ஏரிக்கரையில் இன்னும் சிலரோடு வரிசையில் துண்டைப் போர்த்தி நின்றுகொண்டிருந்தாள். நீந்துவதற்காகப் பனிக்கட்டியை வெட்டித் திறந்த துளையில் கரிய நீர் அசைந்தது. பையில் இருந்த போன் அதிர்ந்தது. ஆரோ எழுதியிருந்தான்: "லாயம் பளபளன்னு இருக்கு. உன் குதிரைக்கும் சேர்த்துக் கூட்டறேன். எப்பம்மா வர்றே?"

"புதுசா வந்தவங்க எல்லாரும் கேளுங்க" என்றாள் குளிர்நீச்சல் பயிற்சிக்காரி. அவள் பார்வை வரிசையில் ஓடி சிர்க்குவிடம் நின்றது. "பாதிப் பேர் ரெண்டு வாரத்துல ஓடிடுவீங்க. உங்களையெல்லாம் பார்த்தாலே தெரியுது."

சிர்க்குவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் ஏணியில் இறங்கினாள்.