மிச்சமிருந்த உதட்டசைவு

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் சீமாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். சாயம் போன நைட்டியும் கையில் துடைப்பமுமாக வாசலில் நின்றாலும் சீமாட்டிதான். வேற்று நாட்டில் எடுத்து, தமிழ் பேச வைத்து, தினமும் மாலையில் ஒளிபரப்பாகும் ஒரு பழங்கால மாளிகைத் தொடரில் எஜமானிக்குக் குரல் கொடுப்பவள் அவள். திரையில் தரையைக் கூட்டும் கவுனும் கழுத்து நிறைய வைரமுமாக வேறு எவளோ நடப்பாள். வாயைத் திறந்தால் வருவது இவள் குரல். பால் வாங்கப் போனால்கூட, "அந்த அம்மா மாதிரி ஒரு தடவை அதட்டுங்களேன்" என்று கடைக்காரர் கேட்பார். இவளும் அதட்டுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான், இல்லையென்று சொன்னால் அது பொய்.

டப்பிங் தொழிலில் ஒரு வியாதி உண்டு. திரையில் உதடு அசைந்தால் அங்கே வார்த்தை இருந்தே ஆக வேண்டும். வசனம் தீர்ந்த பிறகும் அசைவு மிச்சம் இருந்தால், குரல் கொடுப்பவள்தான் எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யார் பேச ஆரம்பித்தாலும் பாதி வாக்கியத்தை அவள் முடித்து வைத்துவிடுவாள். லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் புருஷன் அதிகம் பேசாத மனுஷன். "உங்கம்மா இருக்கறப்ப நாம வாயசைச்சாப் போதும், வசனம் தானா வந்துடும்" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார். மகளும் சிரிப்பாள். அதாவது, போன வாரம் வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு அளவெடுத்து, ஃப்ரேமை மூக்குக்கும் காதுக்கும் பொருத்தமாக வளைத்துக் கொடுப்பாள். அந்தக் கடைக்குத்தான் அவள் இப்போது போவதில்லை. கேட்டால் கண் எரிகிறது என்றாள். கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணில் கோளாறா என்று சீமாட்டி கேலி செய்து பார்த்தாள், அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. சாப்பாடு பாதியாகிவிட்டது. கடையிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள். ஏதோ நடந்திருக்கிறது என்று பெற்றவளுக்குப் புரிந்தது. என்னவென்று மட்டும் தெரியவில்லை.

ஒரு நாள் மாலை, தொடர் தொடங்குவதற்குச் சற்று முன்னால் மகள் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். சீமாட்டிக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் வாய் சும்மா இருந்ததா? மேனேஜர் திட்டிவிட்டாரா, வேலையை விட வேண்டும் போலிருக்கிறதா, எந்தக் கடைக்குப் போனாலும் இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டும் என்று கேள்வியும் அவளே பதிலும் அவளே. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, சீரியல் முடியட்டும் என்றாள். டிவியில் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அன்றைய கதை இதுதான். மாளிகையில் துணி வெளுக்கும் சின்னப் பெண் ஒருத்தி எஜமானியின் அறைக்கு வருகிறாள். எஜமானியின் தம்பி, எல்லோரும் சின்ன எஜமான் என்று அழைக்கும் அந்த ஆள், துணி அறையில் கதவைச் சாத்தித் தனக்குச் செய்ததைத் திக்கித் திக்கிச் சொல்கிறாள். எஜமானி கண்ணாடியைப் பார்த்துத் தோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்கிறாள். பிறகு திரும்பிச் சொல்கிறாள்: "நாளையிலிருந்து உனக்கு இங்கே வேலை இல்லை. ஒரு கை தட்டினா ஓசை வருமாடி?"

முதல் வாக்கியம்தான் தமிழ் வசன எழுத்தாளர் எழுதியது. ஒலிப்பதிவு அறையில் அதைப் பேசி முடித்த பிறகும் அந்த வெளிநாட்டு அம்மாளின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவள் என்ன சொன்னாளோ, மொழிபெயர்ப்பில் விட்டுப்போயிருந்தது. ஒத்திகைக்கு நேரமில்லை. சீமாட்டியின் நாக்கில் தயாராக நின்ற பழமொழி தானாக வந்து விழுந்தது. அந்த அம்மாள் உதட்டை மூடிய இடத்தில் "வருமா"வின் மகரம் கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டப்பிங் இயக்குநர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் அந்த வரி ஒலித்ததும் புருஷன் எழுந்தார். குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் இதையெல்லாம் காட்ட வேண்டுமா என்று முணுமுணுத்துவிட்டு, ஏற்கெனவே பூட்டியிருந்த கேட்டைப் பூட்டப் போனார். அதற்குள் சீமாட்டிக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போன். கூட வேலை செய்பவர்கள், பழைய சிநேகிதிகள், ஒன்றுவிட்ட நாத்தனார். குரலா அது, சாட்டை என்றார்கள். அவள் சிரித்து, அடக்கமாக மறுத்து, மறுபடி சிரித்து, போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது சோபாவில் மகள் இல்லை.

அறைக்குப் போய், என்னவோ சொல்ல வேண்டும் என்றாயே என்று கேட்டாள். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லை."

மறுநாள் ஊரே அந்தக் காட்சியைத்தான் மென்றது. ரவிக்கை வாங்கத் தையல் கடைக்குப் போனால் அங்கே மூன்று மிஷினும் ஓடவில்லை, மூன்று வாயும் ஓடின. அன்றைக்கே கத்தியிருக்க வேண்டாமா என்றாள் காஜா எடுப்பவள். ஆம்பளை இருக்கிற அறைக்கு இவள் ஏன் தனியாகப் போனாள் என்றாள் இன்னொருத்தி. முள் மேல் சேலை விழுந்தாலும் சேலை மேல் முள் விழுந்தாலும் கிழிவது சேலைதான், பெண்பிள்ளைதான் பார்த்து நடக்க வேண்டும் என்று கடைக்காரம்மா தீர்ப்பை வாசித்தாள். பிறகு சீமாட்டியைப் பார்த்து, "கரெக்டா கேட்டீங்க அக்கா. ஒரு கை தட்டினா ஓசை வருமா?" என்றாள்.

மருந்துக் கடையில் வேறு பாட்டு. இந்த மாதிரிக் காட்சியைப் போட்டதற்குச் சேனலை இழுத்து மூட வேண்டுமாம். கைபேசியில் இவள் குரல் ஊரைச் சுற்றி வந்தது. பூனை பேசுவது போல, குழந்தை பேசுவது போல, புருஷனிடம் பெண்டாட்டி கேட்பது போல, எல்லாவற்றுக்கும் அதே வரி. தொடரின் பக்கத்தில் கருத்துகள் மலையாகக் குவிந்தன. பாதிப் பேர் சேனலைத் திட்டினார்கள், மீதிப் பேர் வெளுக்கிற பெண்ணைத் திட்டினார்கள். எஜமானியைத் திட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சின்ன எஜமானைப் பற்றி எவரும் வாயைத் திறக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒருத்தி திறந்திருந்தாள். அவனுடைய சுருள்முடி நன்றாக இருக்கிறதாம்.

அதைப் படித்தபோதுதான் சீமாட்டிக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் பேசுகிறார்கள், அந்தப் பெண் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லையே என்று கோபம் வந்தது. வந்த வேகத்தில் அது அவள் பக்கமே திரும்பியது. சொல்ல வந்தவளின் வாயை முதலில் அடைத்தது யார்? மகள் வந்து உட்கார்ந்ததும், சீரியல் முடியட்டும் என்றதும், முடிந்தபின் சுவரைப் பார்த்துப் படுத்ததும் வரிசையாக வந்து நின்றன. கைபேசியைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

மொட்டை மாடியில் படுக்கை விரிப்புகள் காய்ந்திருந்தன. அகலமான விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். வழக்கமாக அம்மாவும் மகளும்தான் மடிப்பார்கள். கூப்பிட்டால் வருவாளோ மாட்டாளோ என்று நினைத்துக்கொண்டே கூப்பிட்டாள். மகள் வந்தாள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறினார்கள். ஒரு மடிப்புக்கு மகள் கிட்டே வந்து தன் முனைகளைக் கொடுக்க வேண்டும். கொடுக்க வந்தவள் கொடுக்காமல் நின்றாள்.

"அந்த வரி யாரு எழுதினது?"

எழுத்தாளர் என்று சொல்லிவிடலாம். ஊரில் நடக்கிற தப்புக்கெல்லாம் ஏச்சு வாங்கிப் பழகிய மனுஷன் அவர், இன்னொன்று சேர்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. மகள் நம்பினால் பழையபடி பேசுவாள். சீமாட்டியின் நாக்கு நுனி வரை அந்தப் பொய் வந்தது.

"யாரும் எழுதலை. உதடு மிச்சம் இருந்துச்சு. நான்தான் போட்டேன்."

"தெரியும். கேட்டதுமே தெரிஞ்சுது. அது நம்ம வீட்டுப் பேச்சு." மகள் விரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "வேற எதுவும் வரலையா உனக்கு?"

வேறு எவ்வளவோ வந்திருக்கலாம். வெளியே போ என்றிருக்கலாம், அழாதே என்றிருக்கலாம், வெறும் பெருமூச்சுகூடப் போதும். அத்தனை வார்த்தைகள் இருக்கும்போது அது மட்டும் ஏன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது? பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, கேட்டதைத் தானும் சொல்லிச் சொல்லி, வாசற்படி போலக் கால் தானாக மிதிக்கிற இடத்தில் கிடந்திருக்கிறது. ஒரு நாளும் அவள் குனிந்து பார்த்ததில்லை.

"வரலை" என்றாள். "தப்பு பண்ணிட்டேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "கடையில... அன்னைக்கு லென்ஸ் ரூம்ல..." என்று தொடங்கினாள். அப்புறம் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

சீமாட்டியின் தொண்டையில் வாக்கியங்கள் முண்டியடித்தன. யாரு, மேனேஜரா, என்ன பண்ணினான், ஏன் அன்னைக்கே சொல்லலை. ஒவ்வொன்றும் அந்த இடைவெளிக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டாள். அவள் ஆயுளில் ஒரு உதட்டசைவை நிரப்பாமல் விட்டது அப்போதுதான். கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தார்கள்.

"மேனேஜர் கதவைச் சாத்திட்டாரு" என்றாள் மகள். பிறகு சொன்னாள். விட்டுவிட்டு, முன்னும் பின்னுமாக, சில இடத்தில் சொன்னதையே மறுபடியும் சொன்னாள். தள்ளிவிட்டு ஓடி வந்ததைச் சொன்னாள். அம்மா ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்த மாதிரி இருந்தது. ஆனால் உதடு இன்னும் நிற்கவில்லை.

"நான் கை தட்டலைம்மா" என்றாள்.

சீமாட்டியின் கையிலிருந்து விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. மகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் அழுதது மகள் அல்ல, அவள்தான். பிறகு மூக்கை நைட்டியில் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு அந்தக் கடை முதலாளியைப் பார்க்கப் போறோம். அங்க கேக்கலைன்னா போலீசு. நீ ஒண்ணும் பேச வேண்டாம், நான் பேசி..." என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இல்லை. நீ பேசு. நான் பக்கத்துல நிக்கறேன்."