சத்தம் போடாத பெட்டி

என் மகள் மாலதிக்குத் தேவைப்பட்டது பத்து மீட்டர். எங்கள் தாராவி வீட்டின் மொத்த நீளமே பன்னிரண்டடி. அதில் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் போக மிச்சமிருக்கிற இடத்தில் அவள் நின்று துப்பாக்கியை நீட்டினால், குழல் பக்கத்து வீட்டுச் சோற்றுப் பானைக்குள் போய்விடும்.

ஏர் ரைபிள்தான். செம்பூர் கிளப்பில் கோச் மர்யம் மேடம் நம்பி ஒரு மாதத்துக்குக் கொடுத்தனுப்பியது. மாநிலத் தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள். கிளப்பில் வாரத்துக்கு இரண்டு முறைதான் இடம் கிடைக்கும். தினமும் சுட்டுப் பழகாவிட்டால் தேர்வுக்குப் போவதும் ஒன்று, போகாமலிருப்பதும் ஒன்று என்று பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வெல்ல மண்டி நயினார் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். மண்டிக்கு மேல் அவருடைய மாடி நீளமாகக் காலியாகக் கிடந்தது. முப்பத்தாறு அடி, கடைசியில் கனத்த செங்கல் சுவர். சுவருக்கு அந்தப்பக்கம் அவர் மத்தியானம் படுத்துத் தூங்கும் அறை; அதற்குப் படி தனி.

"சாவி தாரேன். ஆனா சத்தம் வரப்படாது. வந்துச்சுன்னா சாவி திரும்பி வந்துரணும். எனக்குப் பிரஷர் உண்டும்மா," என்றார்.

குண்டைப் பிடிக்கும் பெட்டியை நான் செய்கிறேன் என்று கிளம்பினார் என் வீட்டுக்காரர் வானமாமலை. டின் பட்டறைக்காரர். எந்தக் கஷ்டம் வந்தாலும் தகரத்தை வளைத்தால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற மனுஷர். பட்டறை வேலையைப் போட்டுவிட்டு இரண்டு நாள் தட்டினார். முன்பக்கம் திறந்த பெட்டி, உள்ளே சரிவாக ஒரு கனத்த இரும்புத் தகடு. குண்டு அதில் பட்டுக் கீழே விழுமாம். "எப்பிடி?" என்று மீசையைத் தடவினார்.

பெட்டியை மாடியின் கடைசிச் சுவரோரம் வைத்தோம். மாலதி கண்ணாடி மாட்டி, எங்களைப் பின்னால் நிற்கவைத்து, முதல் குண்டைச் சுட்டாள். டங்! கோயில் மணி தோற்றது.

அண்ணாச்சி வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். "ஏ வானமாமல! இது பெட்டியா, கண்டாமணியாய்யா? நெஞ்சு நின்னு போச்சு!"

"சாரி அங்கிள், ஏக் சான்ஸ், ப்ளீஸ்," என்று மாலதி கெஞ்சினாள்.

"நாளைக்கு நானே வந்து நிக்கேன். ஒரே சான்ஸ்தான்."

வீட்டுக்கு வந்ததும் இவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "இரும்புல அடிச்சா சத்தம் வராம சங்கீதமா வரும்? உங்க மூளையும் தகரமாயிருச்சா?"

"அப்ப நீயே செய்யேன்," என்றார். செய்தேன். கும்பார்வாடாவில் பானை செய்கிறவர்களிடம் பிசைந்த களிமண் வாங்கி, மாடிக்கே கொண்டுபோய், தகட்டை மறைத்து ஒரு சாண் கனத்துக்கு அப்பினேன். விரலால் குத்தினால் மூச்சுக்காட்டாமல் உள்ளே வாங்கிக்கொண்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் வெள்ளிக்கிழமை. கிரைண்டரோ ஸ்கூட்டரோ, புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் எங்கள் வீட்டில் தொடமாட்டோம். மண் வேறு மிச்சமிருந்தது, கை சும்மா இருக்குமா? ஒரு பிடி பிடித்துப் பிள்ளையார் செய்தேன். விழுந்துவிடக் கூடாதே என்று பெட்டிக்குள் களிமண்ணின் நட்டநடுவில் அழுத்தி உட்காரவைத்தேன். தலையில் அறுகம்புல், நெற்றியில் குங்குமம். அவ்வளவு அழகாக இருந்தார்.

மத்தியானம் அண்ணாச்சி வந்தார். குறி வட்டம் போட்ட தாளை மாட்டப் போன மாலதி, பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, யே க்யா ஹை? சாமியச் சுடச் சொல்றியா?"

தலையில் அடித்துக்கொண்டு என்னையே திட்டிக்கொண்டேன். அடி ஆறுமுகத்தாய், என்ன காரியம் பண்ணிவைத்திருக்கிறாய்! அண்ணாச்சி அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் மெதுவாக, "மேல தாள மாட்டிட்டா சாமி தெரியாதுல்லா?" என்றார். நான் முறைத்த முறையில் வாயை மூடிக்கொண்டார்.

"நான் எடுத்துருதேன் அண்ணாச்சி," என்றேன்.

"பொட்டு வச்ச அன்னைக்கே சாமியக் கெளப்புவியா? மூணு நாளாவது இருக்கணும்லா?"

சாமி இருக்கிற பெட்டியில் தண்ணீர் தெளித்துப் பிசையவும் முடியாது; மூன்று நாளில் மண் காய்ந்து கல்லாகிவிடும். மாலதி துப்பாக்கியை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். கண் நிறைந்திருந்தது. "நான் சுட மாட்டேன் அங்கிள். சாவிய வச்சுக்கோங்க," என்று நீட்டினாள். பிள்ளைக்கு மிச்சமிருந்த நாளையெல்லாம் நானே என் கையால் கெடுத்துவிட்டேன்.

அண்ணாச்சி சாவியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் பெட்டிக்குள் விட்டு, பிள்ளையாரை அடிமண்ணோடு அலுங்காமல் பெயர்த்தெடுத்தார்.

"மூணு நாளும் என் ரூம்ல இருக்கட்டும். என் கட்டிலுக்கு மேல ஷெல்ஃப் இருக்கு, ஃபேன் காத்தும் வரும். வாரும்வே புள்ளையாரே," என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப்போனார்.

பள்ளத்தை மண் வைத்து மெழுகினேன். மாலதி தாளை மாட்டிச் சுட்டாள். துப்பாக்கி மட்டும் லேசாகத் தும்மியது. கீழே வெல்ல மூட்டை இறக்குகிற இரைச்சலில் அது எங்கே கேட்கப்போகிறது? பெட்டியிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. பத்து, இருபது, நாற்பது. தாளின் நடுவில் ஒரே ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. "இருந்தாலும் தகரம் நம்மளதுல்லா," என்று இவர் முணுமுணுத்தார்.

டங்! டங்! டங்!

மூவரும் பதறிப்போனோம். சத்தம் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து வந்தது. அண்ணாச்சி செம்பால் சுவரை இடித்துக்கொண்டிருந்தார். அடுத்து ஜன்னல் வழியாக அவர் குரல் வந்தது.

"ஏளா மாலதி! அரைமணி நேரமா நானும் புள்ளையாரும் காதத் தீட்டிக்கிட்டுக் கெடக்கோம். சுடுதியா, இல்ல அழுதுக்கிட்டு இருக்கியா?"

"சுட்டுட்டேன் அங்கிள்! நாப்பது!" என்று மாலதி கத்தினாள்.

அந்தப்பக்கம் செம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் தூங்கட்டுமா?" என்றார் அண்ணாச்சி.