லாபிஸில் நான்கு நிமிஷம்

மலாயாவில், லாபிஸ் ரயில் நிலையத்தில் மரியநாதனுக்குக் கொடி காட்டும் உத்தியோகம், பதினோரு வருஷமாக. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பான். 1931-இல் ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியின் ஆர்மோனியக்காரர் காய்ச்சலில் படுத்துவிட, மூன்று நாள் இவன் வாசித்தான். கம்பெனி முதலாளி வீரமுத்து இவன் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

“இத வச்சிக்கிட்டா கொடியாட்டிக்கிட்டு இருக்க? வியாழக்கெழம சிங்கப்பூர் வண்டியில எங்களோட ஏறிடு.”

ரயில்வேயில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம். விட்டுப் போனால் வேலை திரும்பக் கிடைக்காது. மனைவி அந்தோணியம்மாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“போங்க. நான் செகாமட்டுல அண்ணன் வீட்டுல இருந்துக்கறேன். தலகாணியில தாளம் தட்டிக்கிட்டே கெடக்கறீங்க, எனக்காவது தூக்கம் வரட்டும்” என்றாள் அவள்.

வியாழக்கிழமை வண்டி வந்து நின்றது. அங்கே நான்கு நிமிஷம் நிற்கும். ஒற்றைத் தண்டவாளம்; அடுத்த நிலையம்வரை பாதை காலி என்பதற்கு அத்தாட்சியான டோக்கன் டிரைவர் கைக்குப் போனால்தான் வண்டி நகரும். அதைக் கூட வேலை பார்க்கும் ஐயாசாமியிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொள்வதாகப் பேச்சு.

“குடுங்கண்ணே, நேரமாச்சு” என்றான் ஐயாசாமி.

மரியநாதன் கொடுக்கவில்லை. அது தன்னிடம் இருக்கும்வரை யோசிக்கலாம் என்று தோன்றியது. கார்டு விசில் ஊதினார். டிரைவர் கையை நீட்டினார். நீட்டிய கையைப் பதினோரு வருஷத்தில் ஒருநாளும் காக்க வைத்ததில்லை. மனம் முடிவெடுக்குமுன் டோக்கன் கைமாறிவிட்டது.

“ஓடுங்கண்ணே!”

“டேய், ஏறுடா!” வீரமுத்து ஜன்னலில் பாதி உடம்பை நீட்டிக் கத்தினார்.

ஓடியிருந்தால் ஏறியிருக்கலாம். ஆனால் அவன், சட்டப்படி, வண்டி முழுதாகப் போகிறது என்று காட்டும் பின்பலகை கடைசிப் பெட்டியில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

வேலை போகவில்லை. பிறகு யாராவது அவன் வாசிப்பைப் புகழ்ந்து, நாடகத்துக்கே போயிருக்கலாமே என்றால், “வீட்டுல விடல” என்பான். முதல்முறை சொன்னபோது நாக்கு கூசியது. பிறகு கூசவில்லை.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று கோயில் வாசலில் உபதேசியார் சந்தனசாமியிடமும் அப்படித்தான் சொன்னான். பின்னாலேயே அந்தோணியம்மாள் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை.

உபதேசியார் சிரித்தார். “என்னம்மா, புருஷன இப்புடிக் கட்டிப் போட்டுட்டியே?”

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“ஆமாங்க. நாந்தான் விடல” என்றாள்.

இல்லையென்று அவன் அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முன்னால் நடக்க, பத்தடி பின்னால் வீடுவரை நடந்தான்.