கூடம் எந்தத் தெருவில்?

எம்பி அரியமுத்துவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. யாராவது பாராட்டினால், இவன் எதற்கு அடி போடுகிறான் என்று யோசிப்பார். திட்டினால், இவனை யார் தூண்டிவிட்டது என்று யோசிப்பார். பேசாமல் நின்றால் அதைவிட மோசம், ராத்திரி தூக்கமே வராது. பெரம்பலூர் ஆபீஸுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் தாம்பாளத்தில் பழமும் பூவும் வேட்டியுமாக அடுக்கிக்கொண்டு வருவார்கள். அவர் பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டு தாம்பாளத்தை அப்படியே திருப்பிவிடுவார். கை சுத்தமான எம்பி என்று தொகுதி முழுக்கப் பேச்சு. சுத்தம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த வாழைப்பழத்துக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறதோ என்ற பயமும் அதில் பாதி.

அந்தப் பயம் சும்மா வந்துவிடவில்லை. வாலிகண்டபுரத்துப் பக்கம் ஒரு காலனியில், கடலைக்காட்டுக்குக் கூலிக்குப் போன ஒருத்திக்குப் பிறந்தவர் அவர். சின்ன வயசில் டீக்கடைக்குப் போனால் காலனிக்காரர்களுக்கென்று தனித் தம்ளர் கூரையில் செருகியிருக்கும். தானே எடுத்து, தள்ளி நின்று குடித்து, தானே கழுவிச் செருகிவிட்டு வர வேண்டும். அரசு விடுதியில் தங்கிப் படித்து, வாத்தியாராகி, தனித் தொகுதியில் ஜெயித்து டெல்லிவரை போயாகிவிட்டது. இன்றைக்கும் யார் எதை நீட்டினாலும் அவர் கண் முதலில் பாத்திரத்தைத்தான் பார்க்கும். கண்ணைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை, பழக்கிவிட்டது ஊர்.

இரண்டாயிரத்து இரண்டில் செந்துறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மருதாயி என்ற காலனிப் பெண் பஸ் ஏறி அவரைப் பார்க்க வந்தாள். மூத்த மகள் கல்யாணத்தன்று ஐப்பசி மழையில் பந்தல் சரிந்து, பந்தியில் இருந்தவர்கள் இலையோடு எழுந்து ஓடினார்களாம். சின்னவள் தேவயானிக்கும் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. "எங்கூருக்கு ஒரு சமுதாயக் கூடம் கட்டிக் குடுங்கண்ணே" என்றாள்.

அதே வாரம் அந்த ஊர்ப் பெரிய மனிதர் பிச்சைமுத்துவும் வந்தார். அவருக்கும் கூடம்தான் வேண்டும். ஊர்த்தெருவில் மாரியம்மன் கோயிலுக்கு வடக்கே புறம்போக்கு இடம் சும்மா கிடக்கிறது, தொகுதி நிதியில் கட்டிக் கொடுத்தால் போதும் என்றார். இரண்டு பக்கமும் ஒன்றையே கேட்கிறார்களே என்று அரியமுத்துவுக்குச் சந்தோஷம். சந்தோஷம் வந்த சுவட்டிலேயே சந்தேகமும் வந்தது. ஒரு நிபந்தனை போட்டார்.

"கூடத்துல மொத விசேஷம் மருதாயி மவ கல்யாணம். சம்மதமுங்களா?"

"தாராளமா சார். எல்லாரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதானே" என்று பிச்சைமுத்து சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் எம்பியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு சுலபமாக ஒருவன் ஒத்துக்கொள்வானா?

இடம் பார்த்து நிதிக்குப் பரிந்துரை எழுதிக் கொடுத்துவிடுவது என்று ஒரு காலையில் கிளம்பிப் போனார். கயிறு பிடித்து அளந்தார்கள். பிறகு பிச்சைமுத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. எல்லாருக்கும் எவர்சில்வர் தம்ளர். எம்பிக்கு மட்டும் வெள்ளை பிளாஸ்டிக் கப், குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற கப்.

அரியமுத்துவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவர் பார்வை போன இடத்தைப் பிச்சைமுத்துவின் மனைவி பார்த்துவிட்டாள். "அய்யாவுக்கு சுகருன்னு சொன்னாங்க. சீனி போடாதது. மாறிடக் கூடாதுன்னுதான் தனியா ஊத்தினேன்" என்றாள்.

சுகர் இருப்பது உண்மைதான். எம்பிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு பெண்பிள்ளை அக்கறையாகக் கொடுப்பதைக்கூட இப்படி மோந்து பார்க்கிறோமே, என்ன ஜென்மம் இது என்று தன்னையே திட்டிக்கொண்டு பாதி டீயைக் குடித்தார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அப்போதுதான் பக்கத்தில் இருந்த அய்யம்பெருமாள், ரிட்டையரான கிராம அதிகாரி, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தாயி, நானும் மாத்திர போடுறவன். எனக்கும் சீனி போடாம கொண்டா."

கொண்டு வந்தாள். எவர்சில்வர் தம்ளரில்.

எம்பி கப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "கூடம் இங்க வேணாம். காலனியிலயே கட்டிக்கிறோம்" என்றார்.

யாரும் தடுக்கவில்லை. "உங்க இஷ்டம் சார். அவங்களுக்கும் அதான் சவுரியம்" என்ற பிச்சைமுத்து, கார்வரை கூடவே வந்து கதவையும் திறந்துவிட்டார்.

"நல்லா குடுத்தீங்க சார்!" என்றான் டிரைவர் அமாவாசை. அரியமுத்துவுக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அந்தக் காலத்துத் தம்ளர்களுக்கெல்லாம் சேர்த்துப் பதில் சொன்ன மாதிரி ஒரு நிறைவு. ஆனாலும் கார் காலனிப் பக்கம் திரும்புவதற்குள் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. கூடம் கேட்டு அலைந்த மனுஷன், கை நழுவிப் போனதும் ஏன் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை?

காலனி முனையில் மருதாயி காத்துக்கொண்டிருந்தாள். எம்பி நடந்ததைச் சொன்னார். கப்பைப் பற்றியும் சொன்னார். அவள் ஆத்திரப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஆத்திரப்படத்தான் செய்தாள், ஆனால் அவர் மேல்.

"அவங்க வேணாம்னு சொன்னாங்களாண்ணே?"

"சொல்லல. ஆனா..."

"அப்ப நீங்கதான் வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க." மருதாயியின் குரல் உடைந்தது. "மழைக்கு ஒதுங்கவா நான் கூடம் கேட்டேன்? மழைக்கு ஒரு தார்ப்பாய வாங்கிக் கட்டிக்க மாட்டனா? கோயில் பக்கத்துலன்னு நீங்க சொன்ன அன்னிக்கு, எம்மவ அந்தத் தெருவுல மேளதாளத்தோட நடந்து போவான்னு நெனச்சேன். அவ அப்பன் அந்தத் தெருவுல செருப்பக் கையில எடுத்துக்கிட்டு நடந்த ஆளு."

ஊருக்கு ஒரு தம்ளர், காலனிக்கு ஒரு தம்ளர் மாதிரி, கூடத்தையும் தானே பிரித்து எழுதிக் கொடுக்க இருந்தது அரியமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. எம்பியிடம் நேராக மறுப்புச் சொல்லப் பிச்சைமுத்துவுக்குத் தைரியம் இல்லை. அதனால் எம்பி வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். இந்த மனுஷன் பாத்திரத்தைப் பார்ப்பான், பார்த்தால் கோபப்படுவான், கோபப்பட்டால் எழுந்து போய்விடுவான். இவ்வளவுதானே கணக்கு! ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவர், தன் கோபத்தை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

இல்லை, ஒருவேளை அந்த அம்மாள் விவரம் தெரியாமல் பழக்கத்தில்தான் கொடுத்தாளோ? அதையும் யோசித்தார். உட்கார்ந்து யோசித்தால் விடிந்துவிடும், போய்க் கேட்டால் தெரிந்துவிடும்.

"வண்டியில ஏறு மருதாயி."

"நானா? ஊர்த்தெருவுக்கா?"

"முன் சீட்டுல ஏறு."

கார் திரும்ப வந்து நின்றபோது நாற்காலிகள் இன்னும் வாசலில்தான் கிடந்தன. எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மருதாயி இறங்கியதைக் கண்டு அப்படியே நிறுத்தினார்கள்.

"நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் எம்பி. "கூடம் கோயில் பக்கத்துலயே இருக்கட்டும். மொத விசேஷம் தேவயானி கல்யாணம். இப்பவே எழுதிடுறேன்."

பிச்சைமுத்து தோள் துண்டைச் சரிசெய்தார். "அதுல ஒரு சிக்கல் சார். அது கோயில் இடம்னு சொல்றாங்க."

"புறம்போக்குன்னு என் ஆபீஸ்ல வந்து சொன்னது நீங்கதானே?"

"தெரியாம சொல்லிட்டேன் சார்."

"சரி, அய்யம்பெருமாள் அய்யா சொல்லட்டும். உங்களுக்குத் தெரியாத இடமா? அது யாரு இடம்?"

அய்யம்பெருமாள் தரையைப் பார்த்தார். பிச்சைமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை நாள் ஒட்டவைத்திருந்த மரியாதை ஒரு நொடியில் கழன்று விழுந்தது.

"யாரு இடமா இருந்தா என்னய்யா? அவங்க மேளம் இந்தத் தெருவுல வராது. வர விடமாட்டோம். நீ டெல்லிக்கே போயிட்டு வந்தாலும் சரி!"

அரியமுத்துவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐம்பது வயசுவரை ஒவ்வொரு சிரிப்பையும் கும்பிடையும் கிளறிக் கிளறி அவர் தேடிக்கொண்டிருந்தது இதோ நட்டநடு வாசலில், வெட்ட வெளிச்சத்தில் நின்றது. இனி இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவருக்கு உடம்பு லேசாகிவிட்டது.

மருதாயி காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு கணம் அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எழுதுங்கண்ணே" என்றாள். "இப்பதான் வாயத் தொறந்து சொல்லிட்டாங்கள்ல. இனிமே நாங்க பாத்துக்கறோம்."